தென்னை மட்டையில் மோதி விழுந்த ட்ரோன்: சரி பண்ணலாமா, வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

கேள்வியில் சொன்னதை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். டிஜேஐ மினி 2, தோப்பில் தென்னை மட்டையில் அடித்து விழுந்திருக்கிறது. ஆன் ஆகிறது, நாலு மோட்டாரும் சுற்றுகிறது. முன்பக்கக் கை ஒன்றில் கீறல். கேமரா தலை வெட்டி வெட்டி ஆடுகிறது, ஆப்பில் கிம்பல் (கேமராவை ஆடாமல் நிறுத்தும் பாகம்) ஓவர்லோடு என்று வருகிறது.

சரி பண்ணலாம். நீங்கள் கிம்பலை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தக் கையில் இருக்கும் கீறல்தான் கவலை. மதுரையில் கல்யாண வீடியோக்காரர்களின் ட்ரோன்கள்தான் அதிகம் என் மேஜைக்கு வருகின்றன. ஒருமுறை விழுந்தது சின்ன அடியாக இருக்கும். 'ஆன் ஆகுதே' என்று அப்படியே மறுபடி ஏற்றி, இரண்டாவது தடவை விழுந்ததுதான் மதர்போர்டு வரை போயிருக்கும்.

முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். கிம்பல் எங்கேயாவது சிக்கியிருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் குட்டி மோட்டார்கள் தலையை நேராக்க முட்டிக்கொண்டே இருக்கும். நல்லா இருக்கும் மோட்டார் கம்பிச்சுருளும் சூடாகிக் கருகிப்போகும்.

கழற்றிய பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மூலையில் நசுங்கல், ஒட்டிய இடத்தில் பிளவு, இனிப்பான ஒரு கெமிக்கல் வாடை, இதில் எது இருந்தாலும் அது இனி வேண்டாம். உப்பியிருக்கிறதா என்று கண்ணால் தெரியாவிட்டால் ட்ரோனுக்குள் சொருகிப் பாருங்கள்: வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று உட்கார வேண்டும். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், விழுந்த பிறகு போடும் முதல் சார்ஜை சிமெண்ட் தரையில், பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உள்ளே அடிபட்டிருந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறும்போதுதான் குணத்தைக் காட்டும். மினி 2-இல் இருப்பது இரண்டு செல். இரண்டின் வோல்டேஜும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக இறங்கினால் அதை நம்பிப் பறக்காதீர்கள்.

ரெக்கை விஷயத்தில் யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். நகத்தை ஓரத்தில் ஓட்டினால் தட்டுப்படும் சின்ன வெட்டு போதும், வீடியோ முழுக்க நடுங்கும். ஒரு ரெக்கை போனாலும் அந்த மோட்டாரில் இருக்கும் இரண்டையும் ஸ்க்ரூவோடு தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே பாக்கெட்டில் வந்த ஜோடியைப் போடச் சொல்கிறது டிஜேஐ கையேடு. அடையாளக் கோடு உள்ள ரெக்கை அடையாளம் உள்ள கைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து மோட்டார். நாலையும் விரலால் மெதுவாகச் சுற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கரகரத்தால் உள்ளே மண் போயிருக்கும், அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கும். தோப்பு மண் ஊதினால் போய்விடும். கடற்கரை மண் அப்படி இல்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. மோட்டார் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை செலோடேப்பைக் கூராக மடித்து ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது கை. டார்ச்சைச் சாய்வாக அடித்து, கையை லேசாக வளைத்துப் பாருங்கள். கீறல் வாய் திறந்தாலோ, பிளாஸ்டிக் வெள்ளையாக வெளுத்திருந்தாலோ அந்தக் கை முடிந்தது. மடக்கும் இணைப்பு அருகில் என்றால் பார்க்கவே வேண்டாம். நாலு கை ட்ரோனில் ஒரு கை பறக்கும்போது விட்டால் மற்ற மூன்றும் சேர்ந்து காப்பாற்றாது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கால் நுனிக்கு ஒட்டலாம், கைக்குக் கூடாது. அது காய்ந்ததும் கண்ணாடி போல விறைத்துவிடும், மோட்டார் அதிர்வில் விட்டுவிடும். அதோடு காயும்போது வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் லென்ஸில் வெள்ளையாகப் படியும். குச்சி வைத்து எபாக்சி பசை பூசுகிறவர்களும் உண்டு. அதில் எடை கூடும். 249 கிராம் ட்ரோன் அது. 250-ஐத் தாண்டினால் 2021 ட்ரோன் விதிகளில் நானோ வகையை விட்டு மைக்ரோவுக்குப் போய்விடும்.

மோட்டாரோடு சேர்ந்த புதுக் கையே கிடைக்கும். மூன்று ஒயர் சால்டரிங். முன்கையின் காலுக்குள் ஆன்டெனா இருப்பதால் அந்த ஒயரையும் பிய்க்காமல் கொண்டுவர வேண்டும். மூன்று ஒயரில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், மேலே எழும்பும்போதே குப்புறக் கவிழும். ஆகவே ரெக்கை போடாமல் ஓடவிட்டுப் பாருங்கள்: குறுக்கே எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். சால்டரிங் கை பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் கடையில் கொடுங்கள்.

கிம்பலுக்கு வருகிறேன். ஓவர்லோடு என்று வந்தாலே மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை; தலை திரும்ப முடியவில்லை, அவ்வளவுதான். பவர் இல்லாதபோது விரலால் மூன்று பக்கமும் திருப்பிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கேதான் வியாதி. அதிர்வைத் தாங்கும் ரப்பர் டேம்பர் ஒன்று கழன்று தொங்கும். ட்வீசரால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. அல்லது கேமராவைத் தாங்கும் மெல்லிய உலோகக் கை வளைந்திருக்கும். அதை நிமிர்த்த முயலாமல் புதிது வாங்குங்கள். படம் தெளிவாக வந்து தலை மட்டும் தொங்கினால் ஃப்ளாட் கேபிள் கிழிந்ததா என்று மடிப்பு விழும் இடத்தில் பாருங்கள். தலை ஒழுங்காக நின்று படம் வரவில்லை என்றால் சிக்னல் கேபிள். உங்களுக்குப் படம் வருகிறதா என்று சொல்லவில்லை. அது வந்தால் பாதிக் கவலை போச்சு. கேபிளோ அந்த உலோகக் கையோ தனியாகப் போனால் அதை மட்டும் மாற்றுங்கள். கேமராவோடு முழு கிம்பலையும் வேறு ட்ரோனிலிருந்து எடுத்துப் போட்டால் பல சமயம் தலை சாய்ந்தே நிற்கும், காலிபரேஷனுக்கு (அளவை நேராக்கிக்கொடுக்கும் வேலைக்கு) அலைய வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் சமமான மேஜையில் ஐஎம்யூ (ட்ரோனின் சாய்வையும் அசைவையும் உணரும் சென்சார்) காலிபரேஷன், பிறகு கிம்பல். காம்பஸை பைக், இரும்புக் கட்டில் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். வெட்டவெளியில் ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் நிறுத்தி, ரெக்கார்டு போட்டு இறக்கி, நாலு மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தக் கையை மறுபடி பிரிக்க வேண்டும்.

செலவுக் கணக்கு: 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் புதிது வாங்குவதை விட கை, கேபிள், ரெக்கை மாற்றுவதுதான் லாபம். உப்புத்தண்ணீரில் விழுந்து போர்டு பச்சை பூத்திருந்தால் மட்டும் நான் விற்கச் சொல்வேன். அப்போதும் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ரிமோட் மாவிக் ஏர் 2-க்கும் ஏர் 2எஸ்ஸுக்கும் பொருந்தும், அதற்குத் தனியாக ஆள் வருவார்கள்.