தபால்தலை கேள்வி பதில்: முகத்தை பாத்தது போதும், முதுகை பாருங்க

கேள்வி: எங்க தாத்தாவோட டிரங்கு பொட்டியில சங்கு படம் போட்ட ஸ்டாம்ப் நாப்பது அம்பது கிடைச்சுது, திருவிதாங்கூர் அஞ்சல்னு இங்கிலீஷ்ல இருக்கு. எல்லாமே ஒரே மாதிரி தெரியுது, இதுல எது ரொம்ப பழசு? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: உங்க ஊர்ல கிடைக்காம வேற எங்க கிடைக்கும், கன்னியாகுமரி மாவட்டமே 1956 வரைக்கும் அந்தப்பக்கம்தானே. அங்க தபாலுக்கே பேரு அஞ்சல்தான், நாம இப்ப சொல்ற அதே அஞ்சல். முதல் ஸ்டாம்ப் வந்தது 1888ல, ஒரு சக்கரம், ரெண்டு சக்கரம், நாலு சக்கரம்னு மூணு (சக்கரம்னா அந்தக்கால திருவிதாங்கூர் காசு). அதே சங்கு டிசைனை அப்புறமும் பல வருஷம் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அதனால படத்தை வச்சு வயசு சொல்ல முடியாது, காகிதத்தைத்தான் பாக்கணும். வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பிடிங்க. காகிதத்துக்குள்ள நெருக்கமா கோடு கோடா ஓடுச்சுன்னா அது லெய்டு பேப்பர், 1888 ஸ்டாம்ப் அதுலதான் அடிச்சது. கோடு இல்லாம பின்னாடி குட்டி சங்கு நிழல் மாதிரி தெரிஞ்சா வாட்டர்மார்க் போட்ட பிந்தைய காகிதம். அந்த சங்கு வாட்டர்மார்க்லயே நாலஞ்சு தினுசு இருக்கு, அதுல இறங்குனா ராத்திரி தூக்கம் போயிடும், சொல்லிட்டேன். ஒரு விஷயம், கவரோட ஒட்டி இருந்தா தண்ணியில ஊறப்போட்டு பிரிச்சு எடுத்துடாதீங்க ப்ளீஸ், முத்திரையோட முழு கவரா இருந்தாத்தான் மதிப்பு.

கேள்வி: ஐந்தாம் ஜார்ஜ் ஸ்டாம்ப் ஒரே விலை, ஒரே கலர், ஆனா ஆல்பத்துல ரெண்டு தனி கட்டம் விட்டிருக்கு, ஏன் சார்? (வாசகர், மதுரை)

பதில்: நட்சத்திரம்தான் சார் காரணம். 1926க்கு முன்னாடி லண்டன்ல டி லா ரூ கம்பெனி அடிச்சு அனுப்புனாங்க, அதுல ஒரு ஸ்டாம்ப்புக்கு ஒரு நட்சத்திர வாட்டர்மார்க். 1926ல நாசிக் அச்சகத்துல நாமளே அடிக்க ஆரம்பிச்சோம், அந்த காகிதத்துல பூரா சின்ன சின்ன நட்சத்திரமா வாரி இறைச்சிருக்கும். கறுப்பு தட்டுல குப்புற போட்டு ரெண்டு சொட்டு லைட்டர் பென்சின் விட்டா பளிச்சுன்னு தெரியும், கொஞ்ச நேரத்துல காஞ்சிடும், ஸ்டாம்ப்புக்கு ஒண்ணும் ஆகாது (பக்கத்துல அடுப்பு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்). சாக்லேட் கலர் ஒண்ணரை அணான்னா ரெண்டு கட்டத்துக்கு காரணம் நட்சத்திரம் இல்ல, பென்சின்கூட வேண்டாம், லென்ஸ் வச்சு எழுத்தை படிங்க, ஒண்ணுல ‘அணா’ ஒருமையில முடியும், பின்னாடி வந்ததுல இங்கிலீஷ்காரன் கடைசியா ஒரு ‘எஸ்’ சேத்து பன்மையாக்கிட்டான்.

கேள்வி: காந்தி பத்து ரூபாய் ஸ்டாம்ப், மேல சர்வீஸ்னு அச்சு இருக்கு, லட்சக்கணக்குல போகும்னு சொல்றாங்க, உண்மையா? (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, கொஞ்சம் பொறு. 1948 ஆகஸ்ட் 15ல வந்த காந்தி செட், சுவிட்சர்லாந்துல கூர்வாசியேங்கிற அச்சகம் அடிச்சது. அதுல சர்வீஸ்னு குத்துன பத்து ரூபாய் மொத்தமே 100தான், கவர்னர் ஜெனரல் ஆபீஸ் உபயோகத்துக்குன்னு. அதனாலதான் போலியும் அத்தனை இருக்கு, சாதா ஸ்டாம்ப் மேல பின்னாடி எழுத்தை மட்டும் அடிச்சுடுவாங்க. யூஸ் பண்ண ஸ்டாம்ப்பா இருந்தா லென்ஸ்ல பாருங்க: தபால் முத்திரையோட மை சர்வீஸ் எழுத்துக்கு மேல ஏறியிருக்கணும், ஏன்னா எழுத்து முதல்ல, முத்திரை அப்புறம்தானே. எழுத்து முத்திரைக்கு மேல உக்காந்திருந்தா அங்கேயே கதை முடிஞ்சுது. முத்திரையே இல்லாததுன்னா நிபுணர் கிட்ட சர்டிபிகேட் வாங்காம ஒரு ரூபாயும் யாருக்கும் குடுக்காதீங்க, வாங்கவும் செய்யாதீங்க.