ஒன்பது அடிப் புளிய மரமும் 22 இன்ச் செயின்சாவும்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் ஆன்லைனில் 58 சிசி பெட்ரோல் செயின்சா ஒன்று வாங்கினேன். செயின் சுற்றி ஓடும் பட்டை, அதாவது பார், 22 இன்ச். தென்னை, வேலிக் கருவை எல்லாம் இதுவரை நன்றாகவே அறுத்தது. போன மழையில் கொல்லைப் புளிய மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. கயிறு சுற்றி அளந்ததில் அடிமரம் ஒன்பது அடி. கிளைகளைக் கழித்துவிட்டேன், அடிமரத்தில் வைத்தால் மெஷின் திணறுகிறது, புகைதான் வருகிறது. பட்டறைக்காரர் 36 இன்ச் பார் மாட்டி, சைலன்சரில் இரண்டு துளை போட்டு, உள்ளே இருக்கும் வலையைக் கழற்றிவிட்டால் பெரிய மெஷின் மாதிரி இழுக்கும் என்கிறார். செயினைச் சுற்றும் பல்சக்கரத்தை மாற்றி எட்டுப் பல் ஸ்ப்ராக்கெட்டும் போடச் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: முதலில் ஒரு கணக்கு. ஒன்பது அடி என்பது மரத்தின் சுற்றளவு. 108 இன்ச்சை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு சுமார் 34 இன்ச்தான் வரும். உங்கள் 22 இன்ச் பாரில் மரத்துக்குள் போவது 20 இன்ச் என்றே வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20. மரம் 34. ஆக, பார் நீளம் உங்களுக்குப் பற்றாக்குறையே இல்லை. 36 இன்ச் பாருக்குக் கொடுக்கப்போகும் பணம் பையிலேயே இருக்கட்டும்.

அந்த நீளப் பாரை மாட்டினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை மெஷினில் 22 இன்ச் பாருக்கு வழக்கமாக 86 கண்ணி உள்ள, 0.325 இன்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயின் ஓடும். 36 இன்ச்சுக்குப் போனால் செயின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மரத்துக்குள் ஒரே நேரத்தில் கடிக்கும் பற்களும் அதே அளவு கூடும். எஞ்சின் மட்டும் அதேதான். ஆயில் பம்பும் அதேதான், அதனால் எண்ணெய் பார் நுனிவரை போய்ச் சேராது. நுனி காய்ந்து நீலம் பாரித்துவிடும். இன்னொன்று, போல்ட் காடி பொருந்துகிறதே என்று வாங்கிவிடுவார்கள்; பாரில் இருக்கும் எண்ணெய்த் துளை மெஷினின் எண்ணெய் வாய்க்கு நேராக உட்காராது. எண்ணெய் வெளியே வழியும், செயின் வறண்டு ஓடும். ஒரு சின்னச் சோதனை: மெஷினை ஓடவிட்டு, பார் நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். இப்போது இருக்கும் பாருக்கே விழவில்லை என்றால், காடியில் மரத்தூள் அடைத்திருக்கலாம்.

எட்டுப் பல் ஸ்ப்ராக்கெட் செயினின் வேகத்தைக் கூட்டும், இழுவையைக் குறைக்கும். சின்ன மரத்தில் நறுக் நறுக்கென்று வேலை செய்வதற்கு அது சரி. திணறுகிறது என்று எழுதியிருக்கும் உங்களுக்கு அது நேர் எதிர் மருந்து.

அடுத்து சைலன்சர். பட்டறைக்காரர் சொல்வதில் அரை உண்மை இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வழியைத் திறந்துவிட்டால் கொஞ்சம் பவர் கூடத்தான் செய்யும். அவர் சொல்லாமல் விட்ட பாதி இது: வழி திறந்ததும் உள்ளே வரும் காற்று கூடும், பெட்ரோல் அதற்கேற்பக் கூடுவதில்லை. இந்த எஞ்சினில் பிஸ்டனுக்கு எண்ணெயே பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பத்து நிமிடம் அபாரமாக இழுக்கும், அப்புறம் பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். துளை போட்டால் கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் எச் திருகை இடப்பக்கம் திருப்பி, பெட்ரோலைக் கூட்டி, டாக்கோமீட்டர் வைத்து ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) பார்த்து நிறுத்த வேண்டும். உங்கள் பட்டறைக்காரரிடம் டாக்கோமீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். காதால் கேட்டே செட் பண்ணிவிடுவேன் என்றால், மெஷினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அந்த வலை தீப்பொறி தடுப்பு. காய்ந்த சருகு மேல் நின்று அறுக்கும்போது அதன் அருமை தெரியும். அதைக் கழற்றி எறிய வேண்டாம்; கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுங்கள். இரண்டு வருடம் ஓடிய மெஷினில் வலை கரி பிடித்து அடைத்திருக்கும், பட்டறைக்காரர் தருவதாகச் சொல்லும் பவரில் பாதி அங்கேயே ஒளிந்திருக்கலாம். ஏர் ஃபில்டரையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

இனி நான் பந்தயம் கட்டும் இடத்துக்கு வருகிறேன்: உங்கள் செயின் மழுங்கியிருக்கிறது. புகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வருவது சைலன்சரிலா, வெட்டுவாயிலா? வெட்டுவாயில் என்றால் சந்தேகமே வேண்டாம். கீழே விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர்மை. கோதுமை மாவு போல விழுந்தால் மழுக்கம். விழுந்து கிடக்கும் மரத்தின் பட்டையில் மண்ணும் மணலும் அப்பியிருக்கும். கூரான செயினையும் அது சில நிமிடங்களில் கொன்றுவிடும். இரும்பு பிரஷ்ஷால் வெட்டும் கோட்டை மட்டுமாவது தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

0.325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். கடையில் 4 மி.மீ. அரத்தை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ள மட்டும் செய்ய வேண்டும், இழுக்கக் கூடாது. கோணம் 30 டிகிரி. பல்லின் மேலேயே ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதை ஒட்டிப் போனால் போதும். ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை. வலப்பக்கப் பற்களுக்கு ஐந்து, கை வலித்து இடப்பக்கத்துக்கு மூன்று என்று ராவினால், வெட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து போகும். இரண்டு பக்கமிருந்து அறுக்கப்போகும் உங்களுக்கு அது பெரிய தலைவலி.

பெரும்பாலோர் மறப்பது, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சின்னத் திமிலை. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். பல் முனையைவிட அது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் ராவி ராவிக் குறைத்துக்கொண்டே வந்தால் திமில் உயர்ந்து நிற்கும். பல் சவரக் கத்தி போல இருந்தாலும் மரத்தைத் தொடாமல் வழுக்கும். நாலைந்து ராவலுக்கு ஒருமுறை, அதற்கான அளவுத் தகட்டை வைத்துத் தட்டை அரத்தால் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் குறைத்துவிட்டால் மெஷின் கையில் துள்ளும். புதுச் செயின் வாங்குவதானால் பல் முனை சற்று உருண்ட செமி சிசல் வாங்குங்கள். முனை கூர்மூலையாக இருக்கும் ஃபுல் சிசல் வேகமாக அறுக்கும், ஆனால் மண் பட்ட மரத்தில் சீக்கிரம் முனை போய்விடும்.

இப்போது மரம். கயிற்றை அடிமரத்தைச் சுற்றிக் கட்டி, அதை ஒட்டிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு பக்கம் பாதிவரை அறுத்து, மறுபக்கம் போய் அதே கோட்டில் வந்தால் இரண்டு வெட்டும் சந்திக்கும். வெட்டு ஆழமானதும் பின்னால் ஆப்பு அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் பாரைக் கவ்விக்கொள்ளும். மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போ இருக்கட்டும். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் அன்றைய வேலை முடிந்தது. இரண்டு முனையும் தாங்கி நடு அந்தரத்தில் நின்றால் மேல்பக்கம்தான் இறுகும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுங்கள். மரம் தரையில் படிந்திருந்தால் அடியில் இரண்டு இன்ச் விட்டு நிறுத்தி, கடப்பாரையால் நெம்பிப் புரட்டி முடியுங்கள்.

வேரோடு சாய்ந்த மரம் என்பதால் ஒரு எச்சரிக்கை. அடிமரத்தை அறுத்து விட்டதும் பாரம் போய், மண்ணோடு நிற்கும் தூர் சட்டென்று குழிக்குத் திரும்பி நிமிரலாம். அந்தக் குழிக்குள்ளோ தூருக்குப் பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். பார் நுனியின் மேல் பாதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்த வேலை ஆகாது.

புளிய மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்திருந்தால் இத்தனை செய்தும் மெதுவாகத்தான் போகும். அதை மெஷினின் குறை என்று எண்ண வேண்டாம். ஒரே ஒரு மரம்தான், பொறுமையில்லை என்றால், பெரிய மெஷின் வைத்திருப்பவரை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிட்டுவிடுங்கள். உங்கள் மெஷினைக் கெடுத்துப் பிறகு சரிசெய்வதைவிட மலிவாகவே முடியும்.

கேள்வி: பெட்டியில் 72 சிசி என்று போட்டு, 58 சிசி மெஷின் விலைக்கே விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: உடலைப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றனவா? அப்படியென்றால் ஸ்டிக்கர்தான் வேறு. சிலிண்டர் விட்டத்தையும் பிஸ்டன் ஓட்டத்தையும் கேளுங்கள். 45 மி.மீ. விட்டம், 34 மி.மீ. ஓட்டம் என்றால் வருவது 54 சிசி. பெட்டியில் எதை எழுதினாலும் அதுதான். சிசியைவிடக் கிலோவாட்டைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல்: ஸ்டில் எம்எஸ் 382 மாடல் 72.2 சிசி, 3.9 கிலோவாட். அதே நிறுவனத்தின் எம்எஸ் 250 மாடல் 45.4 சிசி, 2.3 கிலோவாட். 72 சிசி என்று சொல்லிக்கொண்டு 2.5 கிலோவாட் என்று போட்டிருந்தால் யோசியுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு பெட்டியில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மேலே சொன்ன சைலன்சர் துளை மாதிரி எதையாவது செய்துவிட்டுப் போனால் மட்டும் வாரண்டி பேச முடியாது.

கேள்வி: பழைய பெரிய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ இருக்கிறது. ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறது, சரசரவென்று இறங்கினால் இல்லை. ஸ்டார்ட் செய்ய எளிதாக அந்த அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் பொத்தான் இருந்தால் அது வெளியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள். அப்புறம் சைலன்சரைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பிஸ்டனைப் பாருங்கள். பளபளவென்றிருந்தால் விலை பேசுங்கள். மேலிருந்து கீழாகக் கீறல் தெரிந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கழற்ற மாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் அதேதான்.