வின்ச்சாவுக்கு இரண்டு தேதிகள் ஏன்?

பால்கன் பகுதியின் புதிய கற்காலப் பண்பாடான வின்ச்சாவுக்கு இரண்டு நூல்கள் வெவ்வேறு தேதி தருவது ஏன், உங்கள் கால அட்டவணையில் வெற்றிடம் விழுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் காட்டிய இரண்டு நூல்களும் ஒரே வின்ச்சாவைத்தான் சொல்கின்றன. பழைய நூலின் கி.மு. 4350–3750 அளவுதிருத்தம் செய்யாத, அதாவது நாட்காட்டி ஆண்டுகளாக மாற்றாத கார்பன்-14 கணக்கு. புதிய நூலின் கி.மு. 5300–4500 திருத்தியது. இவற்றை முந்தைய கட்டம், பிந்தைய கட்டம் என்று அடுக்கிவிடாதீர்கள். உங்கள் அட்டவணையில் வின்ச்சாவுக்கு முந்தைய பண்பாடான ஸ்டார்செவோ முடிந்தபின் ஆயிரம் ஆண்டு வெற்றிடம் தெரிவதும் இதனால்தான்: ஸ்டார்செவோவுக்குத் திருத்திய தேதி, வின்ச்சாவுக்குத் திருத்தாத தேதி.

சரிபார்ப்பது எளிது. கார்பன் வயதை 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணுவது வழக்கம் என்பதால், 4350-உடன் 1950-ஐக் கூட்டுங்கள். 6300 என்ற மூல வயது கிடைக்கும். அதைப் பிழை வரம்போடு ஆக்ஸ்கால் (OxCal) என்ற திருத்த மென்பொருளில் இட்டு, இன்ட்கால்20 (IntCal20) என்ற திருத்த வளைகோட்டைத் தேர்ந்தெடுங்கள். கி.மு. 5300-ஐ ஒட்டி விழும். எல்லாவற்றுக்கும் பொத்தாம்பொதுவாக 900 கூட்டுவது வேலைக்காகாது. வித்தியாசம் காலத்துக்குக் காலம் மாறும்.

வின்ச்சாவுக்குக் கி.மு. 2700 என்று போட்ட இன்னும் பழைய நூல்கள், இன்றைய துருக்கியில் உள்ள டிராய் நகரின் பானைகளோடு ஒப்பிட்டுக் கணித்தவை. அவற்றைத் திருத்த வழியில்லை, ஒதுக்கிவிடலாம்.

டான்யூப் கரையிலுள்ள லெபென்ஸ்கி வீர் என்ற தொல்லியல் தளத்தில் மனித எலும்பு, அதே குழியின் மான் எலும்பைவிட மூத்ததாக வருவது வேறு சிக்கல். டான்யூப் மீனை அதிகம் தின்றவர்களின் எலும்பில் பழைய கார்பன் சேர்ந்து, வயதைச் சில நூறு ஆண்டுகள் கூட்டிக் காட்டும். மனித எலும்பில் நைட்ரஜன்-15 (உண்ட உணவைக் காட்டும் ஒரு நைட்ரஜன் வகை) அளவு உயர்ந்திருந்தால் மீனே காரணம் என்று சந்தேகியுங்கள். மான் தேதியையே நம்புங்கள், அந்த எலும்பு குழிக்குள் பின்னால் விழுந்ததல்ல என்றால். கரித்துண்டும் ஏமாற்றும்: பெருமரத்தின் உள்வைரம் வீட்டைவிட மூத்தது. கருகிய தானியம் கிடைத்தால் அதுவே மேல்.