மேற்குத் தொடர்ச்சி மலை ராஜநாகத்துக்கு ஒடிசா ஜோடி பொருந்துமா?

கேள்வி: எங்கள் உயிரியல் பூங்காவில், கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஆகும்பே பகுதியில் பிடிபட்ட ஆண் ராஜநாகம் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து ஒரு பெண் தருவதாகச் சொல்கிறார்கள். இணை சேர்க்கலாமா?

பதில்: கூடாது. 2021-இல் வந்த மரபணு ஆய்வு ராஜநாகத்தில் நான்கு கிளைகளைக் காட்டியது. 2024-இல் அவை நான்கு தனி இனங்களாகவே பிரிக்கப்பட்டன. உங்கள் ஆண் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஓபியோபேகஸ் காளிங்கா. (கன்னடத்தில் ஊரார் சொல்லும் ‘காளிங்க சர்ப்ப’தான் அறிவியல் பெயரானது.) ஒடிசாப் பெண் ஓபியோபேகஸ் ஹன்னா. குட்டி பொரிக்கலாம்; ஆனால் அந்தக் கலப்புக் குட்டியை எந்தக் காட்டிலும் விட முடியாது, இனம் காக்கப் பூங்காக்களில் வளர்க்கும் பாம்புகளோடும் சேர்க்க முடியாது.

ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலைப் பெண்ணையே தேடுங்கள். கைமாறி வந்த பாம்பானால் பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். வளர்ந்த காளிங்காவின் உடலில் வெளிர் பட்டைகள் 40-க்கும் குறைவு, அவற்றுக்குக் கரும் விளிம்பு கிடையாது, ஹன்னாவுக்கு உண்டு. இது முதல் சல்லடைதான், தீர்ப்பு மரபணுச் சோதனையில்.

அதற்கு உரித்த சட்டையே போதும். உரித்த அன்றே கையுறையோடு எடுத்து, நிழலில் உலர்த்தி, விரல் நீளத் துண்டைக் காகித உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதைந்துவிடும். எச்சம் பட்ட பகுதியை ஒதுக்குங்கள்: ராஜநாகம் தின்பது பாம்பை, எச்சத்தில் சாரைப்பாம்பின் டி.என்.ஏ.வும் இருக்கும். சட்டைக்குப் பதில் செதில் நுனியை வெட்டி எடுத்தால் 95 சதவீத எத்தனாலில் வையுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம்.

ஆய்வகத்தில் மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே தனி டி.என்.ஏ. கொண்ட உறுப்பு) சோதனை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். அந்த டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே வருவது. காளிங்காத் தாய்க்கும் ஹன்னாத் தந்தைக்கும் பிறந்த கலப்புப் பாம்பு அதில் சுத்தக் காளிங்காவாகத் தெரியும். உட்கரு மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் பொரித்தவையா என்பதையும் அதிலேயே கேட்கலாம்.

இன்னொன்று. பெண் பாம்புகள் விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். வந்த முதல் பருவத்தில் இடும் முட்டைகளுக்கு உங்கள் ஆண்தான் தந்தை என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். குட்டிகளின் முதல் சட்டையைத் தனித்தனி உறையில் எண்ணிட்டு வையுங்கள். கரு வளர்ந்து பொரிக்காமல் போன முட்டையையும் எறியாமல், கருவின் சிறு துண்டை எத்தனாலில் போடுங்கள். தந்தை யாரென்று அதுவும் சொல்லும்.