34 வயதில் கையாளாகச் சேரலாமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். மதுரையில் ஒரு மளிகை குடோனில் 12 வருடமாக மூட்டை தூக்குகிறேன். முதுகு இனித் தாங்காது போலிருக்கிறது. எங்கள் தெருவில் வயரிங் வேலை எடுத்துச் செய்யும் அண்ணன் ஒருவர் ஹெல்பராக வரச் சொல்கிறார். அங்கே வேலை சொல்லித்தரப் போகிற பையனுக்கு 22 வயது. அவனிடம் ஏச்சு வாங்கவேண்டுமே என்று கூச்சமாக இருக்கிறது. படிப்பும் இல்லை. கடைசிவரை கையாளாகவே நின்றுவிடுவேனோ?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

போய்ச் சேருங்கள். வேலை பார்த்த கடை மூடியபிறகு, 29 வயதில் நானும் ஒரு வயரிங்காரரிடம் கையாளாகப் போனவன்தான். முதல் இரண்டு மாதம் வயர் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவது மட்டும்தான் வேலை. உளி பிடித்த கை ராத்திரி சோற்றைப் பிசைய மடங்காது. ஆனால் ஒரு வீட்டுக்குள் கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்பது அந்தக் காடியில்தான் மனதில் பதிந்தது. லைட்டுக்குப் பொதுவாக 1.5 ஸ்கொயர் எம்.எம். (வயரின் தடிமன் கணக்கு) வயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4, கருப்பு வயர் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வழி), பச்சை எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்குவது) என்பதையெல்லாம் யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. வயர் இழுத்து இழுத்தே தெரிந்துகொண்டேன்.

எனக்குச் சொல்லித்தந்தவன் என்னைவிட எட்டு வயது இளையவன். ஒருநாள் அவசரத்தில் சுவிட்ச் போர்டைக் கழற்றப் போனேன். "அண்ணே, மெயினை ஆஃப் பண்ணாம கை வைக்காதீங்க!" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். அன்றைக்கு முகம் சுருங்கிப்போனது உண்மை. இன்று அவன் கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றுகிறது. அப்படிக் கத்துகிற ஆள் அங்கே இருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால் வயதை மறந்துவிடுங்கள்.

அடுத்து சர்டிபிகேட். தமிழ்நாட்டில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. 21 வயது நிறைந்து, வயரிங்கில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மேல் வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு வரும் சமயத்தில் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) விவரம் கிடைக்கும். ஆனால் அந்த ஐந்து வருடத்துக்கு யாராவது கையெழுத்துப் போடவேண்டும் அல்லவா? அதனால் அந்த அண்ணனிடம் லைசென்ஸ் இருக்கிறதா, இல்லை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் யாரிடமாவது வேலை எடுக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்காமல் சேர்ந்தேன். இரண்டு வருட உழைப்பைக் காட்ட என் கையில் ஒரு தாள்கூட இல்லை.

கூடவே எட்டாம் வகுப்புத் தனித்தேர்வையும் எழுதிவிடுங்கள். பன்னிரண்டரை வயது முடிந்த யாரும் எழுதலாம். பாஸானால் ஐ.டி.ஐ.யில் வயர்மேன், வெல்டர் பிரிவுகளில் சேர வழி இருக்கிறது. ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு. ஆனால் வயர்மேன் படிப்பு இரண்டு வருடம், அதுவரை வீடு எப்படி ஓடும் என்பதை உங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க முடியும். ஹெல்பர் கூலியும் ஆரம்பத்தில் குடோன் கூலியைவிடக் குறையலாம். அதையும் இப்போதே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

சொந்தமாக ஒரு டெஸ்டரும் ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, யார் வீடு, என்ன வேலை என்று தினமும் எழுதிவையுங்கள். அண்ணனிடம் லைசென்ஸ் பற்றிக் கேட்டதும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.