காசு கொடுத்து வாங்கிய பாட்டு நம் கையில் இருக்க வேண்டும்: லாஸ்லெஸ் டவுன்லோட் கேள்வி பதில்

லாஸ்லெஸ் பாட்டு, அதாவது அசல் ஒலியில் எதையும் இழக்காத ஃபைல், வாங்குவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். எந்தக் கடையானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: வாங்கிய ஃபைல் நெட் இல்லாமல், யாருடைய அனுமதியும் கேட்காமல், எந்தப் பிளேயரிலும் ஓடுமா? ஓடும் என்றால்தான் பிட், கிலோஹெர்ட்ஸ் கணக்கெல்லாம் பேச வேண்டும்.

அண்ணா, ஆப்பிள் மியூசிக்கிலேயே லாஸ்லெஸ் வருகிறது, டவுன்லோட் பட்டனும் இருக்கிறது. அப்புறம் எதற்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? (கோவை)

2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணம் இல்லாமலே கொடுக்கிறார்கள், ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த டவுன்லோட் வாடகை வீடு மாதிரி. ஃபைலுக்குள் டிஆர்எம் என்ற பூட்டு (அனுமதி இல்லாமல் ஓடவோ பிரதி எடுக்கவோ விடாத ஏற்பாடு) இருக்கிறது, சந்தா நின்ற பிறகு அது ஓடாது. லேபிளோடு (பாட்டை வெளியிடும் கம்பெனியோடு) போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டால், சந்தா கட்டிக்கொண்டிருந்தாலும் பாட்டு பட்டியலிலிருந்து காணாமல் போகும்.

பலர் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. ஐட்யூன்ஸ் ஸ்டோரில் விலைக்கு வாங்கினால் கிடைப்பது 256 கேபிபிஎஸ் ஏஏசி. ஏஏசி என்பது எம்பி3 போல ஒலி விவரத்தைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கும் வடிவம், கேபிபிஎஸ் என்பது ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு. அதில் பூட்டு இல்லை, ஆனால் அது லாஸ்லெஸும் இல்லை. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் வேறு கடைக்குத்தான் போக வேண்டும்.

எந்தக் கடைக்கு? (பெங்களூரு)

முதலில் பேண்ட்கேம்ப். ஒரு தடவை வாங்கினால் ஃப்ளாக், ஆப்பிளின் ஏலாக், வேவ் (இவை மூன்றும் லாஸ்லெஸ்), எம்பி3 என்று வேண்டிய வடிவில் இறக்கிக்கொள்ளலாம், எதிலும் பூட்டு கிடையாது. டிஜிட்டல் விற்பனையில் கடை எடுப்பது 15 சதவீதம்தான். பணம் கட்டும் கட்டணம் போக மீதி கலைஞருக்கோ அவருடைய லேபிளுக்கோ போகிறது. தனியாக இசை வெளியிடும் நம் ஊர்க் கலைஞர்களை ஆதரிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பவர்களுக்கு லண்டனின் ஹைபீரியன், இங்கிலாந்தின் பிரெஸ்டோ மியூசிக் இரண்டும் அருமை. பெரிய லேபிள்களின் ஆல்பங்களுக்குப் பிரான்சின் கோபஸ், அமெரிக்காவின் எச்டிட்ராக்ஸ் இருக்கின்றன. இவை நாடு பார்த்துத்தான் விற்கும். விபிஎன் போட்டு நாட்டை மாற்றி வாங்கும் யோசனையை நான் சொல்ல மாட்டேன். விதியை மீறினீர்கள் என்று கணக்கை முடக்கினால் யாரிடமும் போய் முறையிட முடியாது.

இந்திய கார்டு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் ஆன் செய்ய வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் அது ஆஃப் நிலையில்தான் வருகிறது.

பழைய சினிமாப் பாட்டு வேண்டுமா? பெரும்பாலும் நல்ல சிடியைத் தேடிப் பிடித்து நீங்களே ரிப் செய்வதுதான் (சிடியில் இருப்பதைக் கணினி ஃபைலாக எடுப்பதுதான்) வழி. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. இரண்டும் அக்யூரேட்ரிப் பட்டியலோடு ஒப்பிட்டு, அதே சிடியை ரிப் செய்த மற்றவர்களுக்குக் கிடைத்ததுதான் உங்களுக்கும் கிடைத்ததா என்று சொல்லிவிடும்.

பெரிய கம்பெனியில் வாங்கினால் பூட்டு இருந்தால்தான் என்ன? அவர்கள் ஓடிப்போகவா போகிறார்கள்? (சென்னை)

தம்பி, இந்தக் கேள்விக்கு 2008-ஆம் வருடமே பதில் சொல்லிவிட்டது.

அந்தக் காலத்து விண்டோஸ் மீடியா பூட்டு எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். ஃபைல் உங்கள் கணினியில் இருக்கும், அதைத் திறக்கும் சாவியும் உரிமமாக அங்கேயே இருக்கும். கணினியை மாற்றினாலோ விண்டோஸை மறுபடி போட்டாலோ, புது உரிமம் கேட்டுக் கடையின் சர்வரிடம் போக வேண்டும். சர்வர் இல்லையென்றால் சாவியும் இல்லை.

மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் மியூசிக் 2006-இல் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில், ஆகஸ்ட் 31-க்குப் பிறகு உரிமம் தரும் சர்வரையும் நிறுத்தப்போகிறோம் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகே 2011 கடைசி வரை தள்ளிப்போட்டார்கள். யாஹூவும் அதே 2008-இல் தன் பாட்டுக் கடையை மூடியது. வால்மார்ட்டும் அந்த வருடம் சர்வரை நிறுத்துவதாக அறிவித்துப் பின்வாங்கியது. மூன்றும் உலகமறிந்த கம்பெனிகள், ஒன்றும் ஓடிப்போகவில்லை. பூட்டைப் பராமரிப்பது அவர்களுக்கு லாபமில்லாமல் போனது, அவ்வளவுதான். காசு கொடுத்தவர்களைத் தவிக்கவிட அதுவே போதுமானதாக இருந்தது.

சிடியிலும் இந்தக் கூத்து நடந்தது. 2005-இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில சிடிக்களைக் கணினியில் போட்டு நிறுவச் சம்மதித்தால், எக்ஸ்சிபி என்ற நிரல் விண்டோஸுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பெயரின் தொடக்கத்தில் '$சிஸ்$' என்று ஆங்கில எழுத்தில் இருக்கும் எந்த ஃபைலையும் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் வைரஸும் ஒளிந்துகொள்ளலாம். அந்த அக்டோபர் கடைசியில் விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் இதைக் கண்டுபிடித்து வெளியே சொன்ன பிறகு சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள். காசு கொடுத்து வாங்கியவர் கணினிக்குத்தான் ஆபத்து வந்தது. திருட்டு எம்பி3 கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

2006-இல் ஐட்யூன்ஸில் வாங்கிய பாட்டெல்லாம் .m4p என்று கிடக்கிறது. மீட்க முடியுமா அண்ணா? (டொராண்டோ)

அது ஆப்பிளின் ஃபேர்பிளே பூட்டு போட்ட 128 கேபிபிஎஸ் ஏஏசி. 2007-இல் இஎம்ஐ என்ற லேபிளின் பாட்டுகளிலும், 2009-இல் எல்லா லேபிள்களிலும் ஆப்பிள் பூட்டை எடுத்துவிட்டது. அதனால் முதலில் பழைய ஆப்பிள் கணக்கில் நுழைந்து, வாங்கியவை பட்டியலில் அந்தப் பாட்டு இன்னும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழைய ஃபைலை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். வருவது பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் ஃபைல்.

பட்டியலில் இல்லாததை, ஆப்பிளே அனுமதித்த வழியில் ஆடியோ சிடியாக எழுதி, அந்தச் சிடியை ரிப் செய்யுங்கள். பூட்டுள்ள பாட்டுகள் இருக்கும் ஒரு பிளேலிஸ்ட்டை 7 தடவை எழுதலாம். ரிப் செய்ததை ஃப்ளாக்கில் வைத்தாலும் உள்ளே இருப்பது 128 கேபிபிஎஸ் ஒலிதான், போன விவரம் திரும்பாது. பூட்டை உடைக்கும் மென்பொருள் பக்கம் போகாதீர்கள். கனடாவின் 2012 சட்டம் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்க இடம் கொடுக்கிறது, ஆனால் பூட்டை உடைத்து எடுத்தால் அந்தச் சலுகை கிடையாது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? (திருச்சி)

காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவுதான் இதற்கு. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. 'மீறும் நோக்கத்தோடு' என்ற சொற்கள் முக்கியம், அமெரிக்காவின் 1998 சட்டம் அப்படி நோக்கத்தைப் பார்ப்பதில்லை. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒத்துக்கொள்கிறது. ஆனாலும் நான் வக்கீல் இல்லை. பூட்டில்லாததை வாங்கிவிட்டால் இந்த வாதமே தேவைப்படாது.

ஒரு கடையில் ஃப்ளாக் என்று வாங்கினேன், எம்பி3 மாதிரியே கேட்கிறது. போலியா என்று எப்படிப் பார்ப்பது? (மதுரை)

காதை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள். ஸ்பெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபைலை அதற்குள் இழுத்துப் போட்டால் ஸ்பெக்ட்ரோகிராம் விரியும். படுக்கைவாட்டில் நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண். சிடி தரத்தில் மேல் எல்லை 22 கிலோஹெர்ட்ஸ். சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) அடிக்கும் இடங்களில் நிறம் மேலே வரை எகிறிப் போக வேண்டும். பாட்டு முழுக்க 16 கிலோஹெர்ட்ஸில் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் கோடு நின்று, அதற்கு மேல் வெறும் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3-இலிருந்து வந்தது. 320 கேபிபிஎஸ் என்றால் வெட்டு 20 கிலோஹெர்ட்ஸ் அருகில் தெரியும்.

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போய்விடாதீர்கள். 60-களின் மோனோ ஒலிப்பதிவில் மேல் அதிர்வெண்களில் சத்தமே இருக்காது. அங்கே நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறையும், வெட்டு விழாது. சந்தேகம் உறுதியானால் படத்தை இணைத்துக் கடைக்கு எழுதுங்கள். பல சமயம் கடைக்கே தெரியாமல் லேபிள் அனுப்பிய சரக்காக இருக்கும்.

இதே படத்தில் 24/96 (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்) போலியும் மாட்டும். 48 கிலோஹெர்ட்ஸ் வரை போக இடமிருந்தும் எல்லாம் 22-இல் சட்டென்று வெட்டுப்பட்டு நின்றால், சிடியை ஊதிப் பெருக்கி விற்றிருக்கிறார்கள்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வாங்கலாமா சார்? (சிங்கப்பூர்)

மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் சீர்செய்யும் கடைசி வேலை) வேறாக இருந்தால் வாங்கலாம். எண்ணுக்காக மட்டும் வேண்டாம். நல்ல மாஸ்டரில் வந்த 16/44.1, அதாவது சிடி தரம், போதும் என்பதே என் கட்சி. ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் இன்னும் யோசியுங்கள். ப்ளூடூத் பயன்படுத்தும் எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்ற சுருக்க முறைகள் மூன்றுமே ஒலியைக் குறைத்துத்தான் அனுப்புகின்றன.

ஐபோனில் ஃப்ளாக் ஓடவில்லையே? (கொழும்பு)

ஆப்பிளின் மியூசிக் ஆப் அதை எடுக்காது, ஃபைல்ஸ் ஆப்பில் ஓடும். மியூசிக்கிலேயே வேண்டுமென்றால் ஏலாக்காக மாற்றுங்கள். லாஸ்லெஸிலிருந்து லாஸ்லெஸ் என்பதால் ஒரு துளி தரமும் போகாது. மேக்கில் எக்ஸ்எல்டி, விண்டோஸில் ஃபூபார் 2000 போதும்.

பூட்டில்லாத ஃபைலில் என் பெயர் இருக்குமா? (திருநெல்வேலி)

ஐட்யூன்ஸில் வாங்கியதில் உங்கள் பெயரும் ஆப்பிள் ஐடியும் ஃபைலுக்குள் இருக்கும். எங்கேயும் ஓடுவதை அது தடுக்காது. நண்பருக்கு அனுப்பினால் உங்கள் பெயரும் சேர்ந்தே போகும்.

ஹார்டு டிஸ்க் போய்விட்டால் கடையிலிருந்து மறுபடி எடுக்கலாம்தானே? (புதுச்சேரி)

எடுக்க முடியலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள் அக்கா. லேபிள் உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் ஏற்கெனவே வாங்கியதையும் மறுபடி இறக்க முடியாமல் போகலாம் என்று பல கடைகளின் விதியிலேயே இருக்கிறது. வாங்கிய அன்றைக்கே இறக்கி இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஃப்ளாக்கில் ஒரு வசதி உண்டு. அசல் ஒலியின் எம்டி5 கணக்கு (ஒலியிலிருந்து கணக்கிட்ட, கைரேகை மாதிரியான ஓர் எண்) ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும். ஃப்ளாக் நிரலில் 'டெஸ்ட்' கொடுத்தால் அதோடு ஒப்பிட்டு, கெட்டுப்போன ஃபைல் எது என்று பெயரோடு காட்டிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு டிஸ்க்கிலும் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் கெட்டிருப்பதை மற்றதிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம்.