ஐபிடேபிள்ஸில் இருந்து என்எஃப்டேபிள்ஸுக்குத் தடைப்பட்டியலை மாற்றுவது

வணக்கம். பழைய சர்வரின் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பழைய ஃபயர்வால் கருவி) ஆயிரக்கணக்கான டிராப் வரிகள், அதாவது குறிப்பிட்ட முகவரிகளைத் தடுக்கும் விதிகள், இருக்கின்றன, அப்படியே அதற்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஐபிடேபிள்ஸ்-ரெஸ்டோர்-டிரான்ஸ்லேட் என்ற கட்டளை அதைச் செய்துவிடும். ஆனால் முகவரிக்கு ஒரு விதி என்றே கொடுக்கும். வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் அத்தனை வரியையும் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

அதற்குப் பதிலாக, ஐபிடேபிள்ஸ்-சேவ் கட்டளையால் எடுத்த கோப்பிலிருந்து முகவரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றை ஒரே செட்டில் (என்எஃப்டேபிள்ஸில் முகவரிகளை வைக்கும் பட்டியல்) போட்டு, 'இந்தச் செட்டில் இருந்தால் டிராப்' என்று ஒரே விதி எழுதினால் போதும். /24 போன்ற முகவரி வரம்புகள் இருந்தால் செட்டில் இன்டர்வல் ஃப்ளாகும் (வரம்புகளை ஏற்க) ஆட்டோ-மெர்ஜும் (ஒன்றின்மேல் ஒன்று விழுபவற்றை இணைக்க) சேருங்கள். இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்று விழும் வரம்புகளில் பிழை காட்டி நின்றுவிடும். ஐபிவி6 முகவரிகளுக்குத் தனி செட் வேண்டும்.

ஃபெயில்2பேன் (தவறான உள்நுழைவு முயற்சிகளைப் பார்த்துத் தானாகத் தடை போடும் நிரல்) போட்ட தடைகளை இந்தச் செட்டில் சேர்க்காதீர்கள். அதன் அமைப்பில் தடை போடும் வழியான பேன்ஆக்‌ஷனை என்எஃப்டேபிள்ஸுக்கு மாற்றி, அதன் டேட்டாபேஸையும் கொண்டுவந்தால், காலாவதியாகாத தடைகளை அதுவே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

அப்புறம், உங்கள் சொந்த ஐபியை அனுமதிக்கும் விதி டிராப் விதிக்கு மேலே இருக்கட்டும். ஏற்றும் முன் என்எஃப்டி (nft) கட்டளையில் மைனஸ் சி (-c) போட்டுப் புதிய விதிக் கோப்பைச் சோதியுங்கள். பிழை வந்தால் அந்த வரியை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.